பெயர் எது, வினை எது?

‘ஓட்டம்’ என்னும் சொல் பெயரா, வினையா என்று கீழ் வகுப்புப் பிள்ளை ஒருவனைக் கேட்டால், அவன் சற்றே யோசித்துவிட்டு ‘வினை’ என்றுதான் விடை சொல்வான். ஓடுவது ஒரு செயல். செயலைக் குறிப்பது வினைச்சொல். ஆகவே ஓட்டம் வினைச்சொல் என்பது அவனுடைய தர்க்கம். அந்தத் தர்க்கத்தில் குற்றம் காண இடமில்லை. ஆயினும் விடை தவறு. இலக்கணப்படி ஓட்டம் பெயர்ச்சொல்லே. அதே பிள்ளையிடம் பழைய நடையில் ‘அவன் நல்லன்’ என்று எழுதிக் காட்டி, ‘நல்லன்’ என்பது என்ன சொல் என்று வினவினால், அதில் ஓடுவதும் ஆடுவதுமாகிய செயல் ஒன்றும் இல்லாமையால், பெயர் என்று உடனே சொல்லிவிடுவான். இலக்கண நூலாரோ அதனை வினை என்பார்கள். இவ்வாறு இருமுறை ஏமாந்த பிள்ளை, இலக்கணம் என்பது மனிதர்களைத் தடுக்கி விழச் செய்வதற்காகவே ஏற்பட்ட சாஸ்திரம் என்ற முடிவுக்கு வந்து, ஆயுள் முழுவதும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்துவிடுவதும் உண்டு.

பிழை பிள்ளையினுடையது அன்று; அவனுக்குக் கற்பிக்கப்பட்ட வரையறையினுடையது. பொருளைக் குறிப்பது பெயர், செயலைக் குறிப்பது வினை என்பது கேட்பதற்கு எளிதாக இருக்கிறதே ஒழிய, உலகத்தில் எது பொருள், எது செயல் என்று பிரித்துவிடுவது அத்தனை சுலபமான காரியமாக இல்லை. மழை என்பது பொருளா, செயலா? இடி, மின்னல், யுத்தம், பிரயாணம், கல்யாணம் முதலானவை யாவும் நிகழ்ச்சிகளே அன்றி, கையால் தொட்டுக் காட்டக்கூடிய வஸ்துக்கள் அல்ல. ஆயினும் அவற்றைக் குறிக்கும் சொற்கள் அனைத்தும் பெயர்களே. சொல் எதனைக் குறிக்கிறது என்பதை மட்டும் கொண்டு அதன் இனத்தை நிர்ணயிக்கப் புகுந்தால், நாம் இலக்கணத்தை விட்டுத் தத்துவ விசாரத்துக்குள் நுழைந்துவிடுகிறோம்.

மொழியைப் பற்றிச் சிந்தித்த பழைய சமுதாயங்கள் பலவும், சொற்களுக்குள் முதன்மையானவை இரண்டே இனம் என்பதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டன. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ, தம்முடைய ‘சோபிஸ்ட்’ என்னும் சம்வாத நூலில், பெயர்களை மட்டும் வரிசையாக அடுக்கினாலும் வினைகளை மட்டும் வரிசையாக அடுக்கினாலும் வாக்கியம் பிறப்பதில்லை என்றும், இரண்டும் கலந்த இடத்திலேதான் பேச்சு என்பது தோன்றுகிறது என்றும் விளக்கியிருக்கிறார். வடமொழியில் ‘நிருக்தம்’ செய்த யாஸ்கர் சொற்களை நாமம், ஆக்கியாதம், உபசர்க்கம், நிபாதம் என நான்காக வகுத்து, இருத்தலாகிய தன்மை மேலோங்கி நிற்பது நாமம் என்றும், நிகழ்தலாகிய தன்மை மேலோங்கி நிற்பது ஆக்கியாதம் என்றும் வேற்றுமை கூறினார். பெயர்கள் அனைத்தும் வினைகளிலிருந்தே பிறந்தவை என்று சாகடாயனர் கொண்டதையும், எல்லாப் பெயர்களும் அவ்வாறு அல்ல என்று கார்க்கியர் மறுத்ததையும் அவர் தம் நூலில் எடுத்து ஆராய்கிறார். அக்காலத்திலேயே இந்த விவாதம் எவ்வளவு சூடாக நடந்தது என்பது அதனால் புலனாகும்.

தமிழிலும் சொற்கள் பெயர், வினை, இடை, உரி என நான்காகவே வகுக்கப்பட்டன. தொல்காப்பியர் தம்முடைய சொல்லதிகாரத்தில், சொல் எனப்படுபவை பெயரும் வினையுமாகிய இரண்டே என்று முதலில் சொல்லிவிட்டு, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து தோன்றுவன என்று பின்னர்ச் சேர்க்கிறார். தலைமை வகிப்பவை இரண்டு, சார்ந்து வாழ்பவை இரண்டு என்பது அவருடைய கருத்து. ஆனால் அவருடைய நுட்பம் வெளிப்படுவது, அந்தத் தலைமைச் சொற்கள் இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிவதற்கு அவர் கொடுக்கும் சோதனையிலேதான். வினை என்பது வேற்றுமையை ஏற்காது. ஆராய்ந்து பார்க்கும்போது காலத்தோடு கூடியதாக விளங்கும். இதுவே வினையியலின் தொடக்கத்தில் அவர் கூறும் இலக்கணத்தின் சாரம். இதில் செயலைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அது எதை ஏற்கிறது, எதை ஏற்க மறுக்கிறது என்று கேட்கிறார். வடமொழியில் பாணினி முனிவரும், பதம் என்பது இன்ன இன்ன விகுதிகளை ஈற்றில் உடையது என்று உருவத்தைக் கொண்டே வரையறை செய்தார். சொல்லின் பொருளை நம்புவதைக் காட்டிலும் அதன் நடத்தையை நம்புவதே உறுதியானது என்பதை இவ்விரு பேராசிரியர்களும் உணர்ந்திருந்தார்கள். மனிதனுடைய குலத்தை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயல்வதைவிட, அவன் யார் வீட்டில் சம்பந்தம் செய்துகொள்கிறான் என்று விசாரிப்பது நிச்சயமான விடையைத் தரும் அல்லவா?

இந்தச் சோதனையைச் செய்து பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. தமிழ் காதில் விழுந்து வளர்ந்திருந்தால் போதும். ஓட்டம் என்பதோடு வேற்றுமை உருபுகளைச் சேர்த்துப் பார்ப்போம்: ஓட்டத்தை, ஓட்டத்தால், ஓட்டத்துக்கு, ஓட்டத்தில். எந்த உருபும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஓட்டம் நேற்று நடந்ததா, நாளை நடக்கப் போகிறதா என்று சொல்லினுள்ளே தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. உருபை ஏற்கிறது, காலத்தைக் காட்டவில்லை, ஆகவே பெயர். ‘ஓடினான்’ என்பதையோ எடுத்துக்கொண்டால், அது கழிந்த காலத்தைத் தெளிவாகக் காட்டுகிறது; அதனோடு ‘ஆல்’ என்றோ ‘கு’ என்றோ சேர்த்துப் பேச நம் வாய் வருவதில்லை. ஆகவே வினை.

இரண்டுக்கும் இடைப்பட்டவை இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். ‘வந்தவன்’ என்னும் சொல் காலத்தையும் காட்டுகிறது. வந்தவனை, வந்தவனுக்கு என்று உருபையும் ஏற்கிறது. இப்படி ஒன்று உண்டு என்பது தொல்காப்பியருக்குத் தெரியும். பெயர்கள் காலம் காட்டா என்று விதித்த இடத்திலேயே, தொழிலை ஒட்டிப் பிறந்த பெயர்கள் நீங்கலாக என்று அவர் விலக்கும் வைத்தார். பிற்காலத்தார் இதனை வினையாலணையும் பெயர் என்றார்கள். உருபை ஏற்றுவிட்ட காரணத்தினால் அது பெயர் இனத்திலேயே சேர்க்கப்பட்டது. பழைய வழக்கில் ‘வந்தான்’ என்பதே சில இடங்களில் ‘வந்தானை’ என்று உருபேற்று நிற்கும். அப்போது அது முற்றுவினை அன்று, ‘வந்தவன்’ என்னும் பொருளுடைய பெயர் என்று கொள்ளவேண்டும். ஒரே உருவமுடைய சொல், ஏற்றுக்கொண்ட உருபினாலே இனம் மாறிவிடுகிறது.

இனி, பெயர்களின் இயல்பைச் சற்றுக் கவனிப்போம். 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசனுடைய ஆதரவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பெயர்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனை ஆதாரமாகக் கொண்டு பாகுபடுத்துகிறது. மரம், மதுரை, மார்கழி, கிளை, வெண்மை, நடத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் உதாரணம் காட்டலாம். இந்த வரிசையில் குணமும் தொழிலும் இடம்பெற்றிருப்பதை நோக்குக. பண்பைக் குறித்தாலும் செயலைக் குறித்தாலும் பெயரின் லட்சணம் பொருந்தினால் அது பெயரே என்பதில் பவணந்தியாருக்குச் சந்தேகமே இல்லை.

வினையிலிருந்து பெயர் உண்டாகும் வழிகளோ ரசிக்கத்தக்கவை. ‘நட’ என்பதனோடு ஒரு விகுதி சேர்ந்து நடத்தல், நடப்பு, நடை என ஆகின்றன. விகுதி ஒன்றும் சேராமல், முதலெழுத்து நீண்ட மாத்திரத்தினாலேயே கெடு என்பது கேடு ஆகிறது. பெறு என்பது பேறு ஆகிறது. சுடு என்பது சூடு ஆகிறது. இன்னும் சில சொற்களில் நடுவே உள்ள ஒற்று இரட்டிக்கிறது. பாடு பாட்டு ஆகிறது, எழுது எழுத்து ஆகிறது. ஆனால் அதே இரட்டிப்பு, ‘ஆடு’ என்பதை ‘ஆட்டு’ என ஆக்கும்போது பெயரை உண்டாக்காமல், தானே செய்வதைப் பிறர் செய்யுமாறு செய்யும் பிறவினையை உண்டாக்குகிறது. போதாக்குறைக்கு, ஆடு என்னும் பிராணியின் பெயரும் ‘ஆட்டுப்பால்’ என்னும் தொடரில் அதே உருவத்தை அடைகிறது. ஊஞ்சலை ஆட்டு என்பதில் உள்ளது வினை, ஆட்டுப்பால் என்பதில் உள்ளது பெயர் என்று சொல்வதற்கு நமக்கு அகராதி வேண்டியதில்லை. ஒன்று ஆட்டினான், ஆட்டுகிறான் என்று காலம் காட்டுகிறது, மற்றொன்று ஆட்டை, ஆட்டுக்கு என்று உருபேற்கிறது.

பெயர்கள் ஏற்கும் வேற்றுமைகள் விளியோடு சேர்ந்து எட்டு. முதல் வேற்றுமைக்கும் விளிக்கும் தனி உருபு இல்லை. ஏனைய ஆறனுக்கும் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்பவை உருபுகள். இவற்றுள் கண் என்பது பேச்சில் மறைந்து, அதன் ஸ்தானத்தை இல், இடம் என்பவை பிடித்துக்கொண்டன. அது என்பதற்குப் பதிலாக உடைய என்கிறோம். ஆனால் ஐயும் குவும் இன்றைக்கும் குடிசையிலும் மாளிகையிலும் ஒரே விதமாக ஆட்சி செய்கின்றன. ‘ஐ’ உருபைப் பிரயோகிப்பதில் நம் மக்கள் காட்டும் நுண்ணறிவு வியக்கத்தக்கது. ‘பழம் தின்றான்’ என்றும் சொல்லலாம், ‘பழத்தைத் தின்றான்’ என்றும் சொல்லலாம். முன்னது ஏதோ ஒரு பழம், பின்னது நமக்குத் தெரிந்த குறிப்பிட்ட பழம். ஆனால் மகனைக் குறிக்கும்போது ‘மகன் அழைத்தான்’ என்று உருபை நீக்கிவிட்டால், அழைத்தவன் மகன் என்று ஆகிவிடும். ஆகையால் ‘மகனை அழைத்தான்’ என்றே சொல்கிறோம். அஃறிணைப் பெயரில் உருபு தொக்கு நிற்கலாம், உயர்திணைப் பெயரில் அவ்வாறு நிற்றல் அரிது என்னும் இந்த விதியை ஏட்டைத் தொடாத கிழவியும் மீறுவதில்லை. உருபு இல்லாமையினால் நேரும் மயக்கத்துக்கு உரையாசிரியர்கள் ‘புலி கொன்ற யானை’ என்னும் தொடரை எடுத்துக் காட்டுவார்கள். புலி யானையைக் கொன்றதா, யானை புலியைக் கொன்றதா என்பதை அந்தத் தொடரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் தீர்க்க முடியாது; ஓர் ‘ஐ’யோ ஓர் ‘ஆல்’ உருபோ வந்தால் வழக்குத் தீர்ந்துவிடும்.

‘கு’ உருபுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஒரு செயலைத் தன் சுதந்திரத்தினால் செய்பவனை நாம் எழுவாயாக வைத்து, ‘நான் எழுதினேன்’, ‘நான் நடந்தேன்’ என்கிறோம். பசியையும் தாகத்தையும் போலத் தானாகவே வந்து சேரும் அனுபவங்களைச் சொல்லும்போதோ, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நம்மை நான்காம் வேற்றுமையில் வைத்துவிடுகிறோம். செய்பவன் வேறு, அனுபவிப்பவன் வேறு என்ற பாகுபாடு உருபு ஒன்றினாலேயே சித்தித்துவிடுகிறது.

அன்றியும், உருபு வந்து சேரும்போது பெயர் தன் உருவத்தை எவ்வெவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். மரம் என்பது ‘அத்து’ என்னும் சாரியை பெற்று மரத்தை ஆகிறது. வீடு என்பது ஒற்று இரட்டித்து வீட்டை ஆகிறது. ஆறு என்பது ஆற்றை ஆகிறது. அவை என்பது அவற்றை ஆகிறது. நான் என்பதோ அடியோடு உருமாறி என்னை ஆகிறது. மூன்று வயதுக் குழந்தை இவற்றையெல்லாம் பிசகாமல் சொல்கிறது. ‘அத்துச் சாரியை’ என்னும் பெயர் அதற்குத் தெரியாது. அத்து வரவேண்டிய இடம் தெரியும்.

வினைச்சொல்லின் அமைப்பு இதனினும் செறிவானது. ‘நடந்தனன்’ என்னும் ஒரு சொல்லைப் பகுத்துப் பார்த்தால், ‘நட’ என்பது பகுதி. அதை அடுத்து வரும் தகர ஒற்று சந்தி. அது நகர ஒற்றாகத் திரிந்தது விகாரம். அடுத்த தகர ஒற்று இறந்தகால இடைநிலை. அதன் பின்னுள்ள ‘அன்’ சாரியை. ஈற்றில் உள்ள ‘அன்’ ஆண்பால் விகுதி. நன்னூலார் சொல்லும் உறுப்புகள் ஆறும் ஒரே சொல்லில் ஒருங்கே அமைந்திருக்கின்றன. என்ன செயல் என்பதைப் பகுதி சொல்கிறது, எப்போது என்பதை இடைநிலை சொல்கிறது, யார் என்பதை விகுதி சொல்கிறது. இதனாலேதான் ‘வந்தேன்’ என்று ஒரு சொல்லைச் சொன்ன அளவிலேயே தமிழில் வாக்கியம் பூர்த்தியாகிவிடுகிறது. நான் என்று தனியாகச் சொல்லவேண்டிய அவசியம் நேர்வதில்லை.

காலத்தைக் காட்டும் இந்த இடைநிலைகள் கழிந்த காலத்துக்குத் த், ட், ற், இன் என நான்காக வருகின்றன. செய்தான், உண்டான், நின்றான், பாடினான் என்பவை முறையே அவற்றுக்கு உதாரணங்கள். நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று முதலியனவும், எதிர்காலத்துக்குப் ப், வ் என்பனவும் உரியவை. எந்தப் பகுதிக்கு எந்த இடைநிலை என்பது பகுதியின் இனத்தைப் பொறுத்தது. அந்தத் தேர்விலே ஒரு பெரிய அர்த்த பேதமும் அடங்கியிருக்கிறது. ‘அழி’ என்னும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். நகரம் அழிந்தது, பகைவன் நகரத்தை அழித்தான்; நகரம் அழிகிறது, பகைவன் அதை அழிக்கிறான்; நகரம் அழியும், அவன் அழிப்பான். மெலிந்து வந்தால் தானே அடையும் கேடு. வல்லெழுத்து மிகுந்து வந்தால் பிறருக்கு இழைக்கும் கேடு. ஒரு மெய்யெழுத்தின் மென்மையிலும் வன்மையிலும் குற்றவாளி யார், கஷ்டப்பட்டவர் யார் என்பது நிச்சயமாகிவிடுகிறது.

‘நல்லன்’ வினையாவது எங்ஙனம் என்பதற்கும் இங்கே விடை கிடைக்கும். ‘அவன் நல்லன்’ என்பதில் இடைநிலை இல்லை. ஆகவே காலம் வெளிப்படையாகத் தெரியவில்லை. ஆயினும் அன்று நல்லன், இன்று நல்லன், நாளையும் நல்லன் என்று காலத்தைச் சார்த்திச் சொல்வதற்கு அது இடம் தருகிறது. நல்லன், நல்லள், நல்லர் என்று எழுவாயின் பாலுக்கு ஏற்பத் தன் ஈற்றையும் மாற்றிக்கொள்கிறது. வெளிப்படையாகக் காலம் காட்டுவதைத் தெரிநிலை வினை என்றும், குறிப்பாகக் காட்டும் இதனைக் குறிப்பு வினை என்றும் வழங்கினார்கள். இன்றைய உரைநடையில் ‘நல்லவன்’ என்னும் பெயரே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. எனினும் குறிப்பு வினை அடியோடு மறையவில்லை. உண்டு, இல்லை, அல்ல என்று நாம் தினந்தோறும் சொல்பவை அந்த இனத்தின் சந்ததிகளே. அது புலி அன்று, அவை புலிகள் அல்ல, அவன் திருடன் அல்லன் என்று பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பப் பிரயோகிப்பதே முறை. இக்காலத்தில் பலரும் எல்லா இடத்திலும் ‘அல்ல’ என்றே எழுதுகிறார்கள்.

வினை தன் எழுவாயோடு திணையிலும் பாலிலும் இணங்கி நிற்கவேண்டும் என்பதைச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே தொல்காப்பியர் நிலைநாட்டுகிறார். ‘ஒவ்வொரு மாடும் வந்தன’ என்று எழுதுவது வழு. ஒவ்வொன்றாகப் பிரித்தபின் ‘வந்தது’ என ஒருமையில் முடித்தலே நேர். ஆனால் இலக்கணம் ஈவிரக்கம் இல்லாத நீதிபதி என்று எண்ணிவிட வேண்டாம். மகிழ்ச்சியாலும், உயர்வு பற்றியும், சிறப்பு பற்றியும், கோபத்தாலும், இழிவு பற்றியும் திணையும் பாலும் மாறி வருவது குற்றம் அன்று என்று நன்னூல் அனுமதி அளிக்கிறது. தன் பசுவைக் கண்டு ‘என் அம்மை வந்தாள்’ என்று குடியானவன் சொல்வதும், பெண் குழந்தையைத் தாய் ‘வாடா கண்ணா’ என்று கொஞ்சுவதும் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டன. அன்பு மிகும்போது பால் விகுதி புரளும் என்பதையும் அந்த முனிவர்கள் கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

தமிழ் வாக்கியத்தின் நெடுமைக்கும் வனப்புக்கும் காரணமாயிருப்பது எச்சம். ‘அதிகாலையில் எழுந்து, குளத்தில் நீராடி, கோயிலுக்குப் போய், மாலையில் திரும்பினான்’ என்னும்போது, எழுந்து, நீராடி, போய் என்பவை பொருள் முடிவு பெறாமல் எஞ்சி நின்று, ஈற்றிலுள்ள ‘திரும்பினான்’ என்னும் ஒரே முற்றினை எதிர்பார்த்திருக்கின்றன. இவை வினையெச்சங்கள். வினையை அன்றிப் பெயரை எதிர்பார்த்து நிற்பவை பெயரெச்சங்கள். ஒரு வினை செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறனையும் தன்னுள் அடக்கியிருக்கிறது என்பது நன்னூலார் கொள்கை. பெயரெச்சம் அந்த ஆறனையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டும். எழுதிய புலவன், எழுதிய பேனா, எழுதிய மேசை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம் என்று ‘எழுதிய’ என்னும் அதே சொல், தன்னை அடுத்து வரும் பெயருக்கு ஏற்ப வெவ்வேறு உறவைத் தெரிவிப்பதைக் காண்க. புலவன் எழுதினான், பேனாவினால் எழுதப்பட்டது, மேசையின் மீது எழுதப்பட்டது. உறவு எதுவென்று சொல்லும் உருபு ஒன்றுமே இல்லாதிருந்தும், கேட்பவர் மயங்குவதில்லை.

இடைச்சொல்லும் உரிச்சொல்லும் தனித்து இயங்கும் வல்லமை இல்லாதவை. நாம் மேலே பார்த்த வேற்றுமை உருபுகளும், காலங்காட்டும் இடைநிலைகளும், ஏ, ஓ, உம் போன்றவைகளும் இடைச்சொற்கள். அளவில் அவை சிறியவை. அதிகாரத்திலோ சிறியவை அல்ல. ‘அவன் வந்தான்’ என்பதில் ‘உம்’ புகுந்து ‘அவனும் வந்தான்’ என்று ஆனவுடனே, வேறு யாரோ முன்னரே வந்திருப்பது தெரிகிறது. ‘அவனோ வந்தான்’ என்றால் வந்தவனைப் பற்றி ஐயமோ, எதிர்பாராமையோ தோன்றுகிறது. உரிச்சொற்கள் பெரும்பாலும் செய்யுளுக்கு உரியவை. சால, உறு, தவ, நனி என்பவை மிகுதிப் பொருளில் வரும் உரிச்சொற்கள்.

இங்கிலீஷ் படித்தவர்களுக்கு இந்த நான்கில் ஒரு குறை தென்படும். கிரேக்க இலக்கண ஆசிரியரான தியோனிசியஸ் திராக்ஸ் காலத்திலிருந்தே ஐரோப்பியர் சொற்களை எட்டாகப் பகுப்பது வழக்கம். பெயரை விசேஷிக்கும் சொல்லுக்கும் வினையை விசேஷிக்கும் சொல்லுக்கும் இங்கிலீஷ் இலக்கணத்தில் தனித்தனி அறைகள் இருக்கின்றன. தமிழில் அவை எங்கே என்று கேட்கத் தோன்றும். 1716-இல் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரத்தில் அச்சான தமிழ் இலக்கணத்தை இயற்றிய சீகன்பால்கு முதலான பாதிரிமார், தாங்கள் பயின்ற லத்தீன் மொழியின் கட்டுக்கோப்பைத் துணையாகக் கொண்டே தமிழை அணுகினார்கள். இக்காலப் பாடநூல்களும் பெயரடை, வினையடை என்று இரண்டு வகைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. கற்பிப்பதற்கு அவை உபயோகப்படலாம். ஆனால் ‘அழகான வீடு’ என்பதைப் பகுத்துப் பார்த்தால், அழகு என்னும் பெயரும் ‘ஆன’ என்னும் பெயரெச்சமுமே கிடைக்கின்றன. ‘அழகாகப் பாடினாள்’ என்பதில் அதே பெயரோடு ‘ஆக’ என்னும் வினையெச்சம் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ‘ஆ’ என்னும் வினைப்பகுதியின் பிள்ளைகள். பழைய இலக்கணிகள் தனி அறை கட்டாமல் இருந்தது மறதியினால் அன்று; பெயரையும் வினையையும் கொண்டே அந்தக் காரியம் நிறைவேறிவிட்டது.

பிற மொழிச் சொற்கள் தமிழில் வந்து புகும் விதத்தைக் கவனித்தால், பெயருக்கும் வினைக்கும் நடுவே உள்ள எல்லை ஏட்டில் மட்டும் இருப்பது அன்று என்பது பிரத்தியட்சமாகும். பெயர்களுக்கு வாசல் எப்போதும் திறந்தே கிடக்கிறது. பஸ் வந்தது, உடனே பஸ்ஸை, பஸ்ஸுக்கு, பஸ்ஸில் என்று உருபுகள் அதன்மேல் ஏறிக்கொண்டன. ஆபீஸ், ரேடியோ, டிக்கெட் என்று வந்தவை எல்லாம் வந்த அன்றே வேற்றுமை ஏற்றன. வினைகளுக்கோ அத்தகைய சலுகை இல்லை. ‘டைப்’ என்பதோடு நேரே இடைநிலையும் விகுதியும் சேர்த்து, பாடினான் என்பது போல ‘டைப்பினான்’ என்று சொல்பவர் எவரும் இல்லை. டைப் அடித்தான் என்கிறார்கள். போன் பண்ணினான், ரிப்பேர் செய்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டான் என்றே யாவரும் பேசுகிறார்கள். அந்நியச் சொல் தன் தாய்மொழியில் வினையாகவே இருந்தாலும், தமிழுக்குள் நுழையும்போது பெயரைப் போல அசையாமல் நிற்கிறது. காலத்தைக் காட்டும் பொறுப்பைப் பண்ணு, செய், அடி என்னும் நாட்டுச் சொற்களே ஏற்கின்றன.

வடமொழியின் நிலைமை சிறிது வேறு. யோசனை, சிந்தனை, தியானம், பிரகாசம் என்னும் பெயர்களுக்குத் துணையாக யோசி, சிந்தி, தியானி, பிரகாசி என இகர ஈற்றுப் பகுதிகள் தமிழில் அமைந்து, படித்தான், படிக்கிறான், படிப்பான் என்பதன் வழியே யோசித்தான், யோசிக்கிறான், யோசிப்பான் என்று மூன்று காலத்தையும் காட்டுகின்றன. நெடுங்காலப் பழக்கத்தினாலே அந்த உரிமை அவற்றுக்குக் கிட்டியது. அப்போதும் தமிழ்ப் பகுதியின் உருவத்தை மேற்கொண்ட பிறகே கிட்டியது. உருபேற்கும் உரிமையைக் கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்குகிற இந்த மொழி, காலம் காட்டும் உரிமையை இவ்வளவு ஆராய்ந்து கொடுக்கிறது. இப்படி ஒரு சட்டம் இருப்பதாக எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் யாருக்கும் போதித்தது இல்லை. பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் பேசிக்கொண்டு போகிற ஜனங்கள் தாங்களாகவே அதைப் பரிபாலித்து வருகிறார்கள்.

வழக்கையும் செய்யுளையும் ஆதாரமாகக் கொண்டு தொல்காப்பியம் இயற்றப்பட்டதாக அதன் பாயிரம் கூறுகிறது. வழக்கு முன்னே, நூல் பின்னே. ஆகையால் பிள்ளைகளுக்கு இலக்கணம் தொடங்குகிற ஆசிரியர்கள், செயலைக் குறிப்பது வினை என்னும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால், பிள்ளைகள் வீட்டில் பேசும் 10 சொற்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றோடும் ஐ, கு முதலிய உருபுகளைச் சேர்த்துச் சொல்லச் செய்து, பிறகு நேற்று, இன்று, நாளை என்பவற்றுக்கு ஏற்ப மாற்றிச் சொல்லும்படி கேட்பார்களானால், எது பெயர், எது வினை என்பதைப் பிள்ளைகளே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். சூத்திரத்தை அதன் பின்னர்ச் சொன்னால், தங்களுக்கு முன்பே தெரிந்திருந்த ஒன்றுக்கு அது பெயர் என்று அவர்களுக்கு விளங்கும்.